ஒரு பரு இடது, இரண்டு பரு வலது

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அளவுப் பிழை இருக்காது. எதையும் மூன்று தடவை சரிபார்ப்பது என் வியாதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கேஸை மூடினேனா என்று பாடி பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

"புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க அனுபவத்துல ஏதாவது எழுதிக் குடுங்க தாஸண்ணே" என்று கேட்டார்கள். பிரஸ்ஸில் டை எப்படி மாட்டுவது, தகடு எப்படி ஊட்டுவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. போனைத் திறந்தால் வீடியோவே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. நன்றாக வேலை பார்த்த ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி என் கையாலேயே ஒரு பேப்பர் எழுதினேன். அந்தப் பேப்பர் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. லாரிக்குப் போகும் சின்னச் சின்ன இரும்பு பிராக்கெட்டுகளைத் தகட்டிலிருந்து அடித்து வளைத்துக் கொடுப்போம். நான் அங்கே சூப்பர்வைசர். ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, செக்கிங்குக்கு ஒரு பெண் வருகிறாள், பெயர் ரோஸ்லின், ஆவடியிலிருந்து வருவாள், பிறவியிலேயே பார்வை இல்லை என்றார்.

"கண்ணு தெரியாத பொண்ண பிரஸ் ஷாப்ல விட்டா நான் எப்படி சார் தூங்கறது?" என்றேன்.

"கண்ணு நல்லா தெரிஞ்ச ரெண்டு பேரு பிரஸ்ல விரல பறிகுடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடியும் நீ தூங்கினதில்ல" என்றார் முதலாளி.

ரோஸ்லினின் அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். அவள் தினமும் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, மடக்கும் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவில் நடந்தே வந்துவிடுவாள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவள் வரும் முதல் நாள், எதற்கும் இருக்கட்டும் என்று நான் அரை மணி முன்னாலேயே போய் அவள் மேஜையைத் தயார் செய்தேன். பிரஸ்களிலிருந்து தள்ளிப் போட்டேன். மேஜை முனைகளில் ரப்பர் ஒட்டினேன். கடைசியாக இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டுகளை வைத்து, ஒன்றில் 'இடது', இன்னொன்றில் 'வலது' என்று நல்ல கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

அவள் வந்தாள். எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். அந்தக் காகிதத்தில் விரல் பட்டதும், "இது என்ன சார்?" என்றாள்.

"அது வந்து, இடது வலது எழுதியிருக்கேம்மா."

"பெருசா எழுதியிருக்கீங்களா?"

"பெருசாத்தான்."

"அப்ப சரி சார். சின்னதா எழுதினாத்தான் எனக்குக் கஷ்டம்."

பின்னால் நின்றிருந்த டூல் ரூம் ஏகாம்பரம் சிரித்த சிரிப்பு டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஏகாம்பரமும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டை, அளவு பார்க்கும் கேஜ் எல்லாம் செய்வது அவன்தான். அன்றைக்கே அவளிடம் போய், "உனக்கு இன்னா வேணும் சொல்லு தங்கச்சி, இந்த ஆளு எழுதிக்கினேதான் இருப்பாரு" என்று கேட்டான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு அந்த பிராக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையளவுதான் இருக்கும். லாரி கேபினுக்கு அடியில் ஒரு குழாயைத் தாங்கிப் பிடிப்பது. இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஜோடிச் செருப்பு மாதிரி, ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் இன்னொன்று. இடதை வலது பக்கம் மாட்டினாலும் கொஞ்சம் அழுத்தினால் போல்ட் ஏறிவிடும். ஆனால் குழாய் சக்கரத்துப் பக்கம் சாய்ந்துவிடும். ஓடும் லாரியில் அது உரசினால் என்ன ஆகும் என்று யோசித்தே நான் பல மாத்திரை விழுங்கியிருக்கிறேன்.

செக்கிங் என்றால், ஒவ்வொரு பீஸையும் கேஜில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். கேஜ் என்பது பீஸ் சரியாக இருந்தால் மட்டும் அதன் மேல் உட்காரும்படி செய்த இரும்புக் கட்டை. இடதுக்கு ஒரு கேஜ், வலதுக்கு ஒரு கேஜ். ரோஸ்லின் கேட்டது இதுதான்: இடது கேஜின் ஓரத்தில் ஒரு சின்ன வெல்டிங் பொட்டு, வலது கேஜில் இரண்டு. கிரேட்டின் விளிம்பிலும் அதே மாதிரி. ஏகாம்பரம் உடனே வைத்துவிட்டான்.

அதைப் பார்த்து நான் சத்தம் போட்டேன். கேஜில் பொட்டு வைத்தால் ஆடிட்டில் கேட்பார்களே என்று பயம்.

"அளவு பாக்கற எடத்துலயா வச்சேன்? ஓரமா கீது பாரு. பரு மாதிரி. உனக்கு வயசுல பரு வந்துச்சே, யாரு ஆடிட் பண்ணா?" என்றான் ஏகாம்பரம்.

அப்படித்தான் அதற்குப் பரு என்று பேர் வந்தது. ஒரு பரு இடது, இரண்டு பரு வலது. ரோஸ்லின் வேலைக்கு வந்த பிறகு எட்டு மாதம் ஒரு புகார் கிடையாது.

அப்புறம் ஆர்டர் கூடியது. பேக்கிங்கில் சாந்தி ஒருத்திதான் இருந்தாள், நூம்பலிலிருந்து வருகிறவள். அவளுக்குத் துணையாக ஜெயா என்று இன்னொருத்தியைச் சேர்த்தோம். அந்த மாதமே கஸ்டமர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இடது பெட்டிக்குள் வலது பீஸ் இருக்கிறதாம். மன்னிப்புக் கேட்டோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். இன்னும் இரண்டு மாதம் கழித்து மூன்றாவது தடவை, லாரியில் மாட்டிய பிறகே தப்பு தெரிந்து, அவர்கள் லாரி பூட்டும் லைன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. அடுத்தவன் லைனை நிறுத்துவது நம் தொழிலில் எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

அன்று மதியமே கஸ்டமர் கம்பெனியின் குவாலிட்டி அதிகாரி நேரில் வந்துவிட்டார். நாங்கள் அவரைக் குவாலிட்டி சார் என்றுதான் சொல்வோம். கத்துகிற ஆள் இல்லை, மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும். ஷாப்பைச் சுற்றி வந்தவர் ரோஸ்லின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். மடக்கி வைத்த வெள்ளைக் கோலைப் பார்த்தார். அவள் பீஸை எடுத்து விரலால் தடவி கேஜில் வைப்பதைப் பார்த்தார். ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும், "காரணம் எனக்குக் கிடைச்சிருச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். என்ன காரணம், என்ன நடவடிக்கைன்னு கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் குடுங்க. இன்னொரு பீஸ் கலந்து வந்தா டையை எடுத்துட்டுப் போயிடுவோம்" என்றார்.

டையைச் செய்தது நாங்கள் என்றாலும் காசு கொடுத்தது அவர்கள், அதனால் டை அவர்களுடையது. அதை எடுத்துப் போனால் பாதி ஷாப் காலி.

அவர் போனதும் முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதிடு தாஸ். அந்தப் பொண்ண ஆபீஸ் வேலைக்கு எங்கயாவது சொல்லி அனுப்பலாம்" என்றார். எங்கேயும் சொல்லி அனுப்ப மாட்டோம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எழுதினேன். ஒளிக்காமல் சொல்கிறேன். 'காரணம்: செக்கிங் செய்பவருக்குப் பார்வை இல்லை. நடவடிக்கை: அவரை நீக்கிப் பார்வையுள்ளவரை நியமித்தாகிவிட்டது.' இரண்டே வரி. எழுதி முடித்ததும் வயிறு கொஞ்சம் லேசானது கூட. பிரச்சனைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மனசுக்கு அவ்வளவு நிம்மதி. அதை நீங்களும் ஒரு நாள் அனுபவிப்பீர்கள். அப்போது ஜாக்கிரதை.

மூன்று தடவை சரிபார்க்கும் வியாதி இருக்கிறதே, அது என்னை விடவில்லை. முதல் தடவை படித்தேன், எழுத்து சரி. இரண்டாவது தடவை படித்தேன், தேதி சரி. மூன்றாவது தடவை படிக்கும்போது ஒரு பயம் வந்தது. இவளை அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கலந்தால்? அப்போது காரணம் என்று யாரை எழுதுவேன்? என்னையா?

தைரியசாலியாக இருந்திருந்தால் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பேன். பயந்தவன் என்பதால் எழுந்து ரோஸ்லினிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பேப்பரையும் படித்துக் காட்டினேன்.

அவள் கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தாள். "நான் பாத்து அனுப்பின கிரேட்டுல கலந்துச்சா, வேற எங்கயும் கலந்துச்சா?"

"தெரியலம்மா."

"தெரியாமத்தான் எழுதுனீங்களா சார்?"

நான் பேப்பரை மடித்தேன்.

"நீங்க என்னய நம்ப வேண்டாம். கலந்து குடுங்க. எத்தன போட்டீங்கன்னு சொல்லாதீங்க" என்றாள்.

நான் டூல் ரூமுக்குப் போய், பிரஸ்ஸிலிருந்து வந்து அவள் இன்னும் பார்க்காத ஒரு கிரேட் இடது பீஸ்களுக்குள் பன்னிரண்டு வலது பீஸ்களை எண்ணி மறைத்தேன். ஏகாம்பரம் சாட்சி. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். விரல் ஓடும், கேஜில் ஒரு தட்டு, அடுத்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் தப்பான பீஸ்களை ஒரு பக்கம் தள்ளினாள். எண்ணினேன். பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன், அதேதான். "நான் போட்டது பன்னெண்டு."

"அப்ப ஒண்ணு ஏற்கெனவே உள்ள இருந்திருக்கும். பிரஸ்ல இருந்து அப்பப்ப வரும். பிடிச்சுத் தனியா போட்டுருவேன். உங்ககிட்ட சொன்னேம்லா, நீங்கதான் பிறகு பாக்கேன்னு சொன்னீங்க."

அதே கிரேட்டை ஏகாம்பரம் தானே மறுபடி கலந்து, என்னையும் உட்கார வைத்தான். இரண்டு கண்ணும் கண்ணாடியும் இருந்தும் நான் இரண்டைத் தவறவிட்டேன். நூறு பீஸ் பார்த்த பிறகு கண் பார்ப்பதில்லை, பார்த்த மாதிரி நினைத்துக்கொள்கிறது. விரல் அப்படி நினைப்பதில்லை.

"இன்னா மாமே, உன்னையும் எழுதிடலாமா ரிப்போர்ட்ல?" என்றான் ஏகாம்பரம்.

அப்படியானால் கலப்பது ரோஸ்லினுக்குப் பிறகுதான். போய் பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். ரோஸ்லினிடமிருந்து வரும் இரண்டு கிரேட்டையும் சாந்தி மேஜை மேல் அதே ஒழுங்கில் வைத்திருந்தாள். தன் இடது கைப் பக்கம் இடது, வலது கைப் பக்கம் வலது. ஒருத்தியாக இருந்தவரைக்கும் அதுதான் பழக்கம். நான் ஒட்டிய காகிதம் உரிந்துபோன பிறகும் யாரும் திரும்ப எழுதவில்லை. ஜெயாவுக்கு நிற்க இடமில்லாமல் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்க வைத்திருந்தோம். பேசிக்கொண்டே காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

சாந்தி நிமிராமலே சொன்னாள்: "ஏ ஜெயா, பீச்சாங்கை பொட்டி ரொம்பிடுச்சு. இப்போ சோத்தாங்கை பக்கம் கீறத போடு."

ஜெயா தன் சோத்தாங்கைப் பக்கம் இருந்த கிரேட்டில் கையை விட்டாள்.

எதிரும் புதிருமாக நின்றால் ஒருத்தியின் சோத்தாங்கை இன்னொருத்தியின் பீச்சாங்கை. அவ்வளவுதான். மூன்று மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு வார்த்தை.

"நிறுத்துங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இன்னா சார்?" என்று சாந்தி பயந்துவிட்டாள். நான் விளக்கியதும் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் கரீட்டாத்தானே சொன்னேன்."

"நீ கரெக்டாத்தான் சொன்னே. அவளும் கரெக்டாத்தான் எடுத்தா" என்றேன்.

ஓட்டமாக ரோஸ்லினிடம் வந்தேன். இனிமேல் ஜெயாவையும் சாந்தி பக்கமே நிற்க வைத்துவிட்டால் தீர்ந்தது என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

"நாளைக்கு மேஜையத் திருப்பிப் போட்டா? கிரேட்ட மாத்தி வச்சா?"

"மாத்தக் கூடாதுன்னு சொல்லிடலாம்."

"சார், எங்க வீட்டுல உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி. முதல்ல உப்பு இந்த இடம், சர்க்கரை அந்த இடம்னுதான் வச்சிருந்தோம். எங்கம்மா துடைக்கும்போது மாத்தி வச்சிருவா. எங்கப்பா உப்புப் போட்ட காபிய எத்தன நாள் குடிச்சிருக்காருன்னு கேளுங்க. பிறகு உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன், சர்க்கரைக்கு ரெண்டு. இப்ப டப்பாவ வாசல்ல கொண்டு வச்சாலும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சொல்றதெல்லாம் கண்ணு தெரிஞ்சவங்க பேச்சு. நான் அத நம்பினா ஒரு நாள் தாண்ட முடியாது. எது எதுன்னு பொருளே சொல்லணும்."

ஏகாம்பரம் ஒரு இடது பீஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேஜுல வச்ச பருவ பீஸ்லயே வச்சுட்டா?" என்றான்.

கஸ்டமர் அனுமதி இல்லாமல் பீஸில் ஒரு கீறல் போட்டாலும் குற்றம். ஆனால் யோசனை சரி. தகட்டை வளைக்கும் அதே அடியில், உள்ளிருந்து ஒரு சின்ன முள் தள்ளினால் வெளியே பரு எழும்பும். தனி வேலை கிடையாது. எந்த அளவும் கெடாத இடமாகப் பார்த்து வைத்தால் போதும்.

"மாதிரிக்கு மட்டும். பத்து பீஸ். மேல ஸ்கிராப்னு எழுதி" என்றேன். கழிவு என்று எழுதிவிட்டால் கஸ்டமருக்குப் போகாது.

"நீ எழுதிக்கோ. நான் அடிக்கிறேன்."

பீஸ்களை அடித்ததோடு அவன் நிற்கவில்லை. மறுநாள் காலை நான் எட்டு மணிக்கு வந்தபோது ஒட்டுப்பலகையில் மூடி போட்ட இரண்டு தட்டுகள் செய்து வைத்திருந்தான். இடது தட்டில் ஒவ்வொரு பீஸ் உட்காரும் இடத்திலும் ஒரு பருவுக்கான குழி. வலது தட்டில் இரண்டு குழி. இடது தட்டில் வலது பீஸை வைத்தால் இரண்டாவது பரு உட்கார இடமில்லாமல் பீஸ் தூக்கிக்கொண்டு நிற்கும். மூடி மூடாது. சரி, வலது தட்டில் இடது பீஸை வைத்தால் ஒரு குழி சும்மா இருக்கும், மூடி மூடிவிடுமே என்று நான் கேட்டேன். அதற்கு ரோஸ்லின்தான் வழி சொன்னாள். ஒற்றைப் பருவை நடுவில் வை, இரட்டைப் பருவை இரண்டு ஓரத்தில் வை. அப்போது எதற்குள்ளும் எது தப்பாக உட்காராது. ஏகாம்பரம் திட்டிக்கொண்டே மறுபடி பீஸ் அடித்து, தட்டுக் குழிகளையும் மாற்றிப் போட்டான். ஒன்பதரைக்கு முடிந்தது.

நான் புதுசாக ஒரு ரிப்போர்ட் எழுதினேன். சட்டைப் பையில் பழையது, கையில் புதியது.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதலாளி வாசலில் என்னை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு பேப்பரக் குடுத்துடு. அவர் அததான் கேட்டாரு. பலகை, பரு, இந்தக் கதையெல்லாம் அப்புறம் ஆறப்போட்டுச் சொல்லிக்கலாம்."

"சார், அதக் குடுத்தா இன்னிக்கு அவரு போயிடுவாரு. ஆனா கலக்கற எடம் பேக்கிங்ல இருக்கு. ரோஸ்லின எடுத்துட்டா பிரஸ்ல வர்ற தப்பையும் பிடிக்க ஆள் இல்ல. ஒண்ணு கலந்துக்கிட்டிருந்த எடத்துல ரெண்டு கலக்கும். அப்ப காரணம்னு எழுத நம்மகிட்ட ஆளே இருக்காது."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் என்னையே பார்த்தார்.

"உன் பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். "சரி, வா."

குவாலிட்டி சார் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். முகம் மாறவில்லை. "செக்கிங் ஆளப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"அவங்க பிடிச்சிட்டுதான் சார் இருக்காங்க. கலந்தது அவங்களுக்கு அப்புறம்." நேற்று நடந்ததைச் சொன்னேன். பதின்மூன்றாவது பீஸைச் சொன்னேன். நான் இரண்டு விட்டதையும் சொன்னேன். பிறகு, "இனிமே கலக்காம இருக்க, பீஸ்ல பரு வைக்க உங்க பர்மிஷன் வேணும் சார்" என்றேன்.

"என்னது?"

"பரு சார்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் தட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

குவாலிட்டி சார் ஒரு வலது பீஸை எடுத்து இடது தட்டில் வைத்தார். மூடியை அழுத்தினார். மூடவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். மூடவில்லை. எழுந்து நின்று உள்ளங்கையால் அழுத்தினார். ஒட்டுப்பலகை முனகியதே தவிர மூடி இறங்கவில்லை. சரியான பீஸை வைத்தார். மூடி தானாக இறங்கி உட்கார்ந்தது.

அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பீஸையும் எடுத்துக் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடியில் அவர் விரல் மட்டும் வேலை செய்தது.

"இடது" என்றார், ஒன்றை மேலே எடுத்தார். இடதுதான்.

பீஸ்களைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் அதிகாரியா வரதுக்கு முன்னாடி நாலு வருஷம் லைன்ல நின்னவன்" என்றார். "இந்த பிராக்கெட்ட மாட்டற எடத்த எங்க ஆளு எவனும் பாத்ததே கிடையாது. கேபினுக்கு அடியில கைய மேல விட்டுத் தடவித்தான் மாட்டணும். இடதா வலதான்னு அவனுக்கு அங்க தெரிய வழியே இல்ல. பெட்டில எழுதினத நம்பி மாட்டறான். இத்தன வருஷம் நாங்க பெரிய எழுத்துல ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டிருக்கோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகும் என்று நினைத்த ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

"இது யாரு யோசனை?"

"நேத்து நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களே சார், அவங்க."

அவர் என் சட்டைப் பையைக் காட்டினார். மடித்த பேப்பர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அது என்ன பேப்பர்?"

"அது அளவு தப்பா போனது சார்" என்றேன். "ஸ்கிராப்."

அவர் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ரோஸ்லின் மேஜைக்குப் போனார். "நேத்து நான் தப்பா நெனச்சிட்டேன் மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"நெனச்சதோட விட்டீங்களே சார், இவரு எழுதியே வச்சிட்டாரு" என்றாள் ரோஸ்லின்.

அனுமதி வந்தது. ஏகாம்பரம் டைக்குள் முள் வைத்தான். பருவோடு பீஸ் போக ஆரம்பித்தது. முதல் வாரத்திலேயே அவர்கள் லைனில் மாட்டுகிறவர்கள், மற்ற பிராக்கெட்டுக்கும் இப்படி வைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். எங்களைப் போல வேறு சாமான் அடிக்கிற கம்பெனிகளுக்கும் சொல்லி அனுப்பினார்கள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் இடது பெட்டியில் ஒரு வலது போகவில்லை. ஜெயா இன்னமும் சாந்திக்கு எதிரில்தான் நிற்கிறாள். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று இஷ்டத்துக்குப் பேசிக்கொள்கிறார்கள். எவ்வளவு பேசினாலும் தட்டு ஒத்துக்கொண்டால்தான் மூடி மூடும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். உங்கள் ஷாப்பில் கண் தெரியாதவரோ, காது கேட்காதவரோ, ஒரு கை இல்லாதவரோ வேலை பார்த்தால், அவர் தனக்காக என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரக்கப்பட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு டூலைப் பார்ப்பது மாதிரி பாருங்கள். நாம் யோசிக்காமல் நம்பிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றை நம்பாமல் அவர் வேலையை முடிக்கிறார். நாளைக்கு உங்கள் லைன் நிற்கப் போவது அந்த ஏதோ ஒன்றால்தான்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது.

அதுவரைக்கும் பருவுக்கான அனுமதி ஒரு கடிதத்தில்தான் இருந்தது. கஸ்டமர் கம்பெனி அதை முறையாகப் பீஸின் வரைபடமான டிராயிங்கில் ஏற்றிப் புது டிராயிங் அனுப்பியது. கூடவே புது டையும் செய்யச் சொன்னார்கள். ஏகாம்பரம் செய்து முடித்தான். பிரஸ்ஸில் ஏற்றி முதல் பீஸ் வந்தது. முதல் பீஸை ரோஸ்லின் சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு அடிக்கலாம் என்பது அதற்குள் எங்கள் ஷாப்பில் சட்டமாகிவிட்டது.

அவள் தடவினாள். கேஜில் வைத்தாள். மறுபடி தடவினாள். "பிரஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. இது இடது பீஸ், ரெண்டு பரு இருக்கு" என்றாள்.

ஏகாம்பரம் டிராயிங்கைக் கொண்டுவந்தான். "தங்கச்சி, இதுல இன்னா கீதோ அத்தான் வச்சேன். இடதுக்கு ரெண்டுன்னு போட்டுக்கீறான்." நான் வாங்கி மூன்று தடவை பார்த்தேன். அவன் சொன்னது சரி. டிராயிங் போட்டவர் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திருப்பி இன்னொன்றாக்கும்போது பரு மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டு வந்த டிராயிங். நம் தொழிலில் டிராயிங்தான் வேதம். அதைத் தப்பு என்று சொல்ல நான் யார், எட்டாவது படித்தவன். இரண்டு மாதத்தில் ஓய்வு.

"மெயில் போட்டுக் கேக்கலாமா, இல்ல முதலாளி வரட்டுமா" என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லின் போனை எடுத்துக் குவாலிட்டி சாரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"சார், ஆவடி ரோஸ்லின் பேசறேன். உங்க புது டிராயிங்ல பரு மாறிப் போச்சு. இடதுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. உங்க லைன்ல எல்லாருக்கும் ஒண்ணுன்னா இடதுன்னுதான் கை பழகியிருக்கு. இது போனா அத்தனயும் தப்பாத்தான் மாட்டுவாங்க."

போனில் ஸ்பீக்கர் இருந்தது. அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், வழக்கம்போல மெதுவாக.

"ஆமா மேடம். தப்புதான். டிராயிங்க திருத்தி அனுப்பறேன். அதுவரைக்கும் பிரஸ்ஸ நிறுத்தி வைக்கணும். முதலாளிகிட்ட நான் பேசட்டுமா?"

"நிறுத்திட்டுத்தான் சார் பேசறேன்" என்றாள் ரோஸ்லின்.